மகள் இதழியல் படிக்கலாமா? ஏஐ பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு

"செய்தியை ஏஐ-யே எழுதிவிடும் என்கிறார்களே, படித்து முடித்தால் வேலை இருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பத்திரிகைக் குறிப்பைச் செய்தியாக்குவது, ஏஜென்சி செய்தியை மொழிபெயர்ப்பது, பேட்டியைக் கேட்டு எழுதுவது, சப்டைட்டில் போடுவது எல்லாம் வேகமாக ஏஐ பக்கம் போகின்றன. புதிதாகச் சேர்ந்தவர்கள் தொழில் பழகியதே இந்த வேலைகளில்தான். 'சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம்' என்று இனி இருக்க முடியாது.

அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் 2014-லேயே கம்பெனிகளின் காலாண்டு வருவாய்ச் செய்திகளை மென்பொருளிடம் ஒப்படைத்தது. அது அட்டவணையில் இருந்த எண்ணை எடுத்து, தயாராக இருந்த வாக்கியத்தில் பொருத்தியது. சாட்ஜிபிடி போன்றவை அப்படியல்ல. அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுகின்றன. தகவல் இல்லாத இடத்திலும் வாக்கியம் சரளமாக வந்துவிடும். 2025 மே மாதம் அமெரிக்க நாளிதழான சிகாகோ சன்-டைம்ஸுடன் வந்த இணைப்பில், ஏஐ-யைக் கொண்டு தயாரித்த, கோடைக்கால வாசிப்புக்கென்று 15 நூல்களின் பட்டியல் இருந்தது. எழுத்தாளர்கள் நிஜம், நூல்களில் 10 எழுதப்படவே இல்லை. வெளியிலிருந்து வாங்கிய அந்தப் பக்கத்தை அச்சுக்குப் போகும் முன் யாரும் சரிபார்க்கவில்லை.

அந்தச் சரிபார்ப்புத்தான் உங்கள் மகள் கற்க வேண்டிய வேலை. இன்றே தொடங்கலாம். 10 நிமிடப் பேட்டி ஒன்றைப் பதிவு செய்து, மென்பொருளில் எழுத்தாக்கச் சொல்லுங்கள். பிறகு ஹெட்போனில் கேட்டு, வரிவரியாக ஒப்பிடட்டும். பெயர், எண், எதிர்மறை மூன்றையும் தனியே வட்டமிட வேண்டும். 'முடியும்', 'முடியாது' இரண்டுக்கும் ஒலியில் வித்தியாசம் கடைசியில்தான். அங்கே குரல் தாழ்ந்தால் மென்பொருள் ஒன்றை மற்றதாக எழுதிவிடலாம், பேட்டியே தலைகீழாகிவிடும். பேச்சு நின்ற இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியம் முளைப்பதும் உண்டு.

கல்லூரி பார்க்கும்போது கேமரா, ஸ்டுடியோவோடு நின்றுவிடாதீர்கள். தகவல் சரிபார்ப்பு, தரவு இதழியல் (எண்களையும் புள்ளிவிவரங்களையும் ஆராய்ந்து செய்தி எழுதுவது), ஊடகச் சட்டம் மூன்றும் பாடத்திட்டத்தில் உண்டா, மாணவர்களைக் களத்துக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். ஏஐ கருவிகள் மட்டும் கற்றுத்தரும் குறுகிய காலப் படிப்புக்குப் பெரும் பணம் கட்ட வேண்டாம். படித்து முடிப்பதற்குள் கருவியே மாறியிருக்கும்.

படிப்பு முடியும்போது கையில் நேரில் போய் எழுதிய மூன்று செய்திகளாவது இருக்கட்டும். ஒவ்வொன்றுடனும் ஒரு பக்கக் குறிப்பு: யாரிடம் பேசினார், எந்த ஆவணத்தைப் பார்த்தார், ஏஐ-யை எதற்குப் பயன்படுத்தினார், அதில் எதைத் திருத்தினார்.