உம்பளச்சேரிக் கன்றும் ஒரு ரேஞ்சரும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். மன்னார்குடியில் நாங்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம்) ஆடுகிறோம், ஐந்தாம் பதிப்பு. நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவன். கதை நடப்பது காவிரிக் கடைமடையில். இப்போது என் தங்கையும் சேருகிறாள். அவளுக்குக் கூடவே ஒரு விலங்கு வேண்டும், அதுவும் ஓநாய் வேண்டாம், எங்கள் வீட்டு உம்பளச்சேரி மாட்டுக் கன்று மாதிரி வேண்டும் என்கிறாள். எந்த வகுப்பு, அதாவது எந்த மாதிரிப் பாத்திரம் கொடுப்பது? காட்டு வேட்டைக்காரரான ரேஞ்சரா, இயற்கை மந்திரவாதியான ட்ரூயிடா, மந்திரக் கைவினைஞரான ஆர்டிஃபிசரா? பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்துக்கே மாறிவிடலாம் என்று ஒரு நண்பன் சொல்கிறான்.

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள தம்பி,

எந்த வகுப்பின் விலங்கு அதிகமாகக் கடிக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் வேறு இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். விலங்கு ஒரு காரியம் செய்ய நம் முறை வரும்போது நாம் எவ்வளவை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, அது விழுந்துவிட்டால் அப்புறம் என்ன.

ஐந்தாம் பதிப்பின் 2014 விதிநூலில் உள்ள பீஸ்ட் மாஸ்டர் (விலங்கோடு சேர்ந்து சண்டை போடும் கிளை) ரேஞ்சர் இரண்டிலுமே தோற்கிறது. ஓநாய் கடிக்க வேண்டுமென்றால் ரேஞ்சர் தன் முக்கியச் செயலான ஆக்‌ஷனைக் கொடுத்துவிட்டு வில்லோடு சும்மா நிற்க வேண்டும்; ஐந்தாம் லெவல் வந்த பிறகுதான் கட்டளை போட்டுக்கொண்டே தானும் ஒரு அடி அடிக்கலாம். எங்கள் தாத்தா சேற்றில் ஏர் ஓட்டியதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது கடைசிவரை ஒட்டவே இல்லை. மாடு இழுக்கும், அவர் மேழியை அழுத்திப் பிடித்தபடி குரல் கொடுத்துக்கொண்டே கூட நடப்பார், இரண்டு உயிரும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

இரண்டாவது விஷயத்தை என் மேஜையிலேயே அனுபவித்தேன். ரேஞ்சரின் லெவலை நாலால் பெருக்கினால் வருவதுதான் அந்த ஓநாயின் உயிர்ப்புள்ளி, அதாவது ஐந்தாம் லெவலில் 20. அதே லெவலில் எதிரி மந்திரவாதி வீசும் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தின் சேதம் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. எங்கள் குழுவில் ஒரு பெண் தன் வீட்டு நாயின் பெயரையே அந்த ஓநாய்க்கு வைத்திருந்தார். ஒரே வீச்சில் போய்விட்டது. எட்டு மணி நேரம் செலவழித்தால் வேறு விலங்கைப் பழக்கிக்கொள்ளலாம் என்று விதியை நான் படித்துக் காட்டினேன், அவர் தலையாட்டிவிட்டு அன்றைக்கு முழுக்கப் பேசவே இல்லை. அதை அப்போது வாசித்திருக்கக்கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

2020-ல் டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் என்ற துணை விதிநூல் வந்தபோது இதைச் சரிசெய்தார்கள். கட்டளை, முக்கியச் செயலுக்கு மேல் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனுக்கு மாறியது, ஆக நீங்களும் அடிக்கலாம், விலங்கும் அடிக்கும். கட்டளையே இல்லாவிட்டாலும் அது தானாக நகரும், அடியிலிருந்து விலகிக்கொள்ளும். தரை விலங்குக்கு உயிர்ப்புள்ளி லெவலை ஐந்தால் பெருக்கி ஐந்தைக் கூட்டியது, ஐந்தாம் லெவலில் 30, சராசரி ஃபயர்பாலைத் தாங்கி நிற்கும். இறந்தால்கூட ஒரு மணி நேரத்துக்குள் தொட்டு ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை (மந்திரம் போடும் வாய்ப்பை) செலவிட்டால், ஒரு நிமிடத்தில் அதே விலங்கு முழு உயிரோடு எழுந்துவிடும். அதே விலங்கு, வேறொன்று இல்லை. 2024 விதிநூலிலும் போனஸ் ஆக்‌ஷன்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் பதிப்பு ட்ரூயிட் தானே விலங்காக மாறுவாரே தவிர வகுப்பு வழியாக அவருக்குச் சண்டை போடும் கூட்டாளி விலங்கு கிடையாது. 2003-ல் வந்த 3.5 பதிப்பில் முதல் லெவலிலேயே இருந்தது, பழைய ஆட்டக்காரர்கள் அந்த நினைப்பில் சொல்வார்கள். ஆர்டிஃபிசரில் பேட்டில் ஸ்மித் கிளையை எடுத்தால் கிடைக்கும் இரும்புக் காவலன் நல்ல பலசாலி, அடிபட்டால் மெண்டிங் என்ற பழுதுபார்க்கும் மந்திரம் போட்டே சரிசெய்யலாம், ஆனால் உங்கள் தங்கை கேட்டது மூச்சு விடுகிற ஒன்று. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் உங்கள் மூன்று ஆக்‌ஷனில் ஒன்றைக் கொடுத்தால் விலங்குக்கு இரண்டு கிடைக்கும், ட்ரூயிடும் ரேஞ்சரும் முதல் லெவலிலேயே வைத்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த விதி அதுதான், இருந்தாலும் ஆடிக்கொண்டிருக்கும் மற்றவர்களை இதற்காகப் புதிதாகப் படிக்கச் சொல்லாதீர்கள்.

அதனால் ரேஞ்சர், பீஸ்ட் மாஸ்டர், 2020 விதி. 2014 விதிப்படி நடுத்தர உடலைத் தாண்டிய விலங்கை எடுக்க முடியாது, மாடு பெரிய உடல் வகையில் வரும். 2020 விதியில் தரை, வானம், கடல் என்று மூன்று அச்சுதான் இருக்கிறது, எந்த விலங்கு என்பது உங்கள் இஷ்டம். தரை அச்சு கன்றுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி: நேராக 20 அடி ஓடிவந்து முட்டினால் கூடுதலாக ஒரு ஆறுமுகப் பகடை சேதம், எதிரி கீழே விழவும் வாய்ப்பு. யாராவது காவிரி நீர்நாய் கேட்டால் மட்டும் யோசியுங்கள், கடல் அச்சில் போட்டால் கரையில் ஒரு சுற்றுக்கு 5 அடிதான் நகரும், வாய்க்காலை விட்டு ஏறிய உடனே பாவமாகிவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. பீஸ்ட் மாஸ்டர் மூன்றாம் லெவலில்தான் வரும். அதுவரை தங்கையைக் காத்திருக்க வைக்காதீர்கள். முதல் நாளிலிருந்தே கன்று கூட நடக்கட்டும், சண்டை வந்தால் வரப்போரம் ஒதுங்கி நிற்கட்டும், யாரும் அதை அடிக்க மாட்டார்கள் என்று டிஎம்மாக நீங்களே வாக்குக் கொடுத்துவிடுங்கள். சண்டையில் கன்றை ஓட்டுவது தங்கையின் கையில் இருக்கட்டும், மற்ற நேரத்தில் அது முரண்டு பிடிப்பது, தவிட்டு வாசனைக்குத் திரும்புவது எல்லாம் உங்கள் கையில்.

உங்கள் வீட்டிலேயே இருப்பதால் இது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும், நெற்றி வெள்ளையும் கால் வெள்ளையும் அப்படியே நிற்கும். மூன்றாம் லெவலில் அது முதல்முறை முட்டுகிற அன்றைக்கு நிறம் மாறத் தொடங்கியிருப்பதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்