வினையூக்கியால் ஆவதும் ஆகாததும் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

கரும்புச் சக்கை, கார்பன் டை ஆக்சைடு போன்றவற்றை ரசாயனப் பொருட்களாக்கும் இன்டர்மெட்டாலிக் நானோ வினையூக்கிகள் பற்றி எழுதியிருந்தீர்கள். அதுவும் உலோகக் கலவைதானே, எதற்குத் தனிப்பெயர்? கார்பன் டை ஆக்சைடையே எரிபொருளாக்கிவிட்டால் புவி சூடாகும் பிரச்சினை தீர்ந்துவிடாதா? முனைவர் பட்டத்துக்கு இதை எடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

– முதுகலை வேதியியல் மாணவி, கும்பகோணம்

அன்புள்ள மாணவிக்கு,

சாதாரண உலோகக் கலவை அன்ரிசர்வ்டு பெட்டி மாதிரி. எந்த அணு எங்கே உட்காரும் என்று சொல்ல முடியாது. இன்டர்மெட்டாலிக்கில் ஒவ்வொரு அணுவுக்கும் சீட் நம்பர் உண்டு. இதனால் என்ன லாபம் என்பதற்கு ஃபர்ஃபுரலை எடுத்துக்கொள்ளலாம்.

கரும்புச் சக்கையையோ முத்து உதிர்த்த மக்காச்சோளக் கதிரையோ அமிலத்தில் வேகவைத்தால் ஃபர்ஃபுரல் கிடைக்கும். அமெரிக்காவின் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி ஓட்ஸ் உமியிலிருந்து 1922-லேயே இதைத் தயாரித்தது. மூலக்கூறில் ஒரு வளையம், அதில் ஒட்டிய ஓர் ஆல்டிஹைடு தொகுதி (கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் சேர்ந்த சின்னக் கொத்து). அந்தத் தொகுதியில் மட்டும் ஹைட்ரஜன் சேர்ந்தால் ஃபர்ஃபுரைல் ஆல்கஹால். ஃபவுண்டரிகளில் மணல் அச்சை இறுக்கிப் பிடிக்கும் பிசினுக்கு மூலப்பொருள். வெறும் நிக்கலை வினையூக்கியாக வைத்தால் வளையம் அதன்மேல் தட்டையாகப் படுத்துக்கொள்ளும், அதிலும் ஹைட்ரஜன் ஏறிவிடும். நிக்கலுக்கு நடுவே வெள்ளீயம் வரிசையாக அமர்ந்தால் வளையம் படுக்க இடம் கிடைக்காது. ஆக்ஸிஜனை வெள்ளீயம் இழுத்துக்கொள்ள, தொகுதி மட்டும் வினைபுரியும். ஆலைகளில் இன்றும் இதற்குப் பெரும்பாலும் தாமிர-குரோமிய வினையூக்கிதான். அந்தக் குரோமியக் கழிவைக் கையாள்பவர்களை நினைத்தாலே இந்த மாற்றம் சீக்கிரம் வர வேண்டும் என்று தோன்றுகிறது.

சரி, கார்பன் டை ஆக்சைடு. நிக்கலும் காலியம் (gallium) என்ற உலோகமும் 5-க்கு 3 என்று சேர்ந்த இன்டர்மெட்டாலிக், சாதாரண வளிமண்டல அழுத்தத்திலேயே அதை மெத்தனாலாக்குகிறது என்று ஸ்டான்ஃபோர்டு, டென்மார்க் ஆய்வாளர்கள் 2014-ல் காட்டினார்கள். அழகான வேலை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 44 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு 6 கிலோ ஹைட்ரஜன் வேண்டும், கிடைப்பது 32 கிலோ மெத்தனால், மிச்சம் 18 கிலோ தண்ணீர். தண்ணீரைப் பிரித்து அந்த ஹைட்ரஜனை எடுக்கச் சுமார் 300 யூனிட் மின்சாரம் ஆகும். மெத்தனாலை எரித்தால் திரும்பி வருவது 175 யூனிட் அளவுக்குத்தான். வினையூக்கி வேகத்தைக் கூட்டும், வழியைத் தேர்ந்தெடுக்கும், ஆற்றலைத் தராது. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் செய்ததெல்லாம் வீண். ஐஸ்லாந்தில் புவிவெப்ப மின்சாரம் இருந்ததால்தான் 2012-ல் அப்படி ஓர் ஆலையைத் தொடங்க முடிந்தது.

ஃபர்ஃபுரலிலோ 96 கிலோவுக்கு 2 கிலோ ஹைட்ரஜன் போதும். அங்கே முட்டுக்கட்டை ஆற்றல் இல்லை, தேர்வுத்திறன், அதாவது வேண்டிய இடத்தில் மட்டும் வினை நடக்க வைப்பது. இன்டர்மெட்டாலிக்குக்கு உண்மையான வேலை அங்கேதான் என்பது என் கருத்து.

ஆய்வுக்குத் தாராளமாக எடுங்கள். ஆனால் ஒரு சிக்கல்: அணுக்கள் வரிசையில் அமரச் சூடு வேண்டும், பல உலோகங்களுக்கு 600 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும். சிலிக்கா ஓடு போர்த்திச் சுடுகிறார்கள், உப்புக்குள் புதைத்துச் சுடுகிறார்கள். அப்புறம் ஓட்டைக் கரைக்க வேண்டும், உப்பைக் கழுவ வேண்டும். ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வினை முடிந்த பிறகு எடுத்த, அணு வரிசையைக் காட்டும் எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷன் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். வரிசை அப்போதும் கலையாமல் இருக்கிறதா, வெள்ளீயம் கரைசலில் கரைந்து போயிருக்கிறதா என்று கேளுங்கள்.