அகத்தியருக்குக் கீழே ஒரு மேகம்: கேள்வி பதில்

பால்வீதிக்கு வெளியே, சுமார் 2 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் ஒரு குட்டி விண்மீன் திரள் இருக்கிறது. சுருள் கைகள் கிடையாது, ஒழுங்கான உருண்டை வடிவமும் கிடையாது. சிறிய மெகல்லன் மேகம் என்று பெயர். பக்கத்திலேயே அதன் அண்ணன், பெரிய மெகல்லன் மேகம், சுமார் 1,60,000 ஒளியாண்டில். நம் திருநெல்வேலிச் சீமையில் நின்றே இவற்றைப் பார்க்கலாம் என்று சொன்னதும் பலர் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

வள்ளியூரிலிருந்து: அண்ணாச்சி, இது நம்ம ஊரில் உண்மையிலேயே தெரியுமா? ஆஸ்திரேலியா போனால்தான் தெரியும் என்கிறார்களே?

தெரியும் தம்பி. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து 8.7 பாகை வடக்கே. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்வார்கள், அதுதான் வான நடுக்கோடு. சிறிய மேகம் அதிலிருந்து ஏறக்குறைய 73 பாகை தெற்கே. 90-லிருந்து இரண்டையும் கழித்தால் மிச்சம் 8 பாகை சொச்சம். தெற்கு அடிவானத்துக்கு மேல் அது ஏறும் அதிகபட்ச உயரம் அவ்வளவுதான். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் 10 பாகை வரும். அதைவிடக் கொஞ்சம் குறைவு. பெரிய மேகம் 11 பாகை தாண்டி ஏறும்.

சென்னையில் சிறியது 4 பாகைதான், பெரியது 7. மும்பையில் பெரியது ஒரு பாகையில் தலைகாட்டிவிட்டு இறங்கிவிடும். டெல்லியில் இரண்டுமே உதிப்பதில்லை. இந்தியாவில் இவற்றைப் பார்க்க வாய்த்த இடம் நம் தெற்குக் கோடிதான். இதை நம் பிள்ளைகளுக்கு யாருமே சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

உவரியிலிருந்து: எங்கே நின்று, எந்த மாதம், எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும்? அடையாளம் என்ன?

உங்கள் ஊர்தான் இதற்கு ரொம்ப வசதி. தெற்கே கடல், மறைக்க ஒன்றுமில்லை. ஊர் விளக்குகள் முதுகுக்குப் பின்னால் வரும்படி மணலில் தள்ளி நின்றுகொள்ளுங்கள். அமாவாசையை ஒட்டிய நாளாக இருக்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், அதுவரை செல்போனைத் தொடாதீர்கள்.

முதலில் பெரியதைப் பிடியுங்கள், அது சுலபம். தை மாதக் கடைசியில் இரவு எட்டிலிருந்து ஒன்பதுக்குள் தெற்கே பாருங்கள். வானத்திலேயே அதிகம் மின்னும் நட்சத்திரம் சிரியஸ், உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே, அடுத்தபடியாகப் பளிச்சென்று நிற்பது அகத்தியர் நட்சத்திரம். பொதிகை மலைக்காரர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சிரியஸிலிருந்து அகத்தியருக்கு ஒரு கோடு இழுத்து, அந்தத் தூரத்தில் பாதியை இன்னும் கீழே நீட்டினால், கோடு முடியும் இடத்துக்குச் சற்று வலப்பக்கம் மங்கலாக ஒரு வெண்திட்டு தெரியும். அதுதான். நகராமல் அங்கேயே நிற்கும். மழை மேகமானால் ஐந்து நிமிடத்தில் உருமாறிவிடும்.

சிறியதற்குப் பொறுமை வேண்டும். மார்கழி முதல் வாரத்தில் மாலை ஏழேகால் மணிக்கு அது உச்சத்தில் இருக்கும், அப்போதுதான் முழுசாக இருட்டியும் இருக்கும். ஆனால் மழை விடாத மாதம் அது. 2023-ல் மார்கழி பிறந்த அன்றைக்குத்தான் தாமிரபரணியில் அந்தப் பெருவெள்ளம். அதனால் நான் ஆடி, ஆவணி, புரட்டாசியைத்தான் சிபாரிசு செய்வேன். ஆகஸ்ட் தொடக்கத்தில் விடியற்காலை நாலு மணி, செப்டம்பர் கடைசியில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி. தெற்கே ஆகெர்னார் என்ற பளிச்சென்ற நட்சத்திரம் 24 பாகை உயரத்தில் நிற்கும். அதிலிருந்து நேர் கீழே, கொஞ்சம் வலதுபுறம், 16 பாகை இறங்க வேண்டும்.

எட்டுப் பாகை உயரத்தில் இருக்கும் ஒன்றின் ஒளி, தலைக்கு மேல் இருப்பதைவிட ஏழு மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். கடல் ஈரம் வேறு சேர்ந்துகொள்ளும். ஆகவே சிறிய மேகத்துக்குப் பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: எங்கள் ஊரில் பார்க்க முடியாதா?

சிரமம். உங்களுக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் மலை எழும்பி நிற்கிறது, தாழ்வானத்தை அது தின்றுவிடும். உயரத்தில் ஏறிப் பார்க்கலாம் என்று இரவில் காட்டுக்குள் போய்விடாதீர்கள், அது புலிகள் காப்பகம். திசையன்விளை, உவரி பக்கம் ஒருநாள் வந்துவிடுங்கள்.

பாளையங்கோட்டை மாணவி: சார், இந்தக் குட்டித் திரளால் வானியலுக்கு என்ன கிடைத்தது?

அளவுகோல் கிடைத்தது அம்மா. பிரபஞ்சத்தை அளக்க நம்மிடம் இருக்கும் அளவுகோல் இங்கேதான் பிறந்தது.

ஹென்ரியெட்டா லீவிட் என்ற பெண்மணி அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வகத்தில் வேலை பார்த்தார். பெரு நாட்டில் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்களை வைத்துக்கொண்டு, எந்த நட்சத்திரம் மங்கிப் பிரகாசிக்கிறது என்று தேடுவது அவர் வேலை. 1908-ல் இரண்டு மேகங்களிலும் சேர்த்து 1,777 மாறும் நட்சத்திரங்களைப் பட்டியல் போட்டார். 1912-ல் சிறிய மேகத்தில் இருந்த 25 நட்சத்திரங்களை மட்டும் எடுத்து வரைபடம் போட்டபோது, பிரகாசமான நட்சத்திரம் மெதுவாகத் துடிக்கிறது, மங்கலானது வேகமாகத் துடிக்கிறது என்பது ஒரே நேர்கோட்டில் வந்து நின்றது. துடிப்புக் காலம் ஒன்றேகால் நாளிலிருந்து 127 நாள் வரை.

இது ஏன் பெரிய விஷயம்? இரவில் கடலில் தெரியும் படகு விளக்குகளை நினைத்துக்கொள். மங்கலாகத் தெரியும் விளக்கு சின்ன விளக்கா, தூரத்தில் இருக்கிறதா என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. ஆனால் எல்லாப் படகும் ஒரே இடத்தில் கூடி நின்றால், மங்கலானது சின்ன விளக்கு என்று அடித்துச் சொல்லலாம். சிறிய மேகத்தின் நட்சத்திரங்கள் எல்லாமே நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம். அதனால்தான் லீவிட்டால் உண்மையான பிரகாசத்தை ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்தது. துடிப்பை எண்ணினால் உண்மையான பிரகாசம் தெரியும், அது நமக்கு எவ்வளவு மங்கித் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் கிடைக்கும். பிறகு 1923-ல் எட்வின் ஹபிள் என்ற வானியலாளர் ஆண்ட்ரோமீடா என்ற விண்மீன் திரளில் இதே வகை நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து, அது பால்வீதிக்கு எவ்வளவோ வெளியே இருக்கிறது என்று காட்டினார். அதைப் பார்க்க லீவிட் இல்லை, 1921-லேயே காலமாகிவிட்டார். அவருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை உயிரோடு இருக்கும்போது கிடைக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே மாணவி: அந்த நட்சத்திரம் ஏன் துடிக்கிறது?

செஃபீடு என்று அந்த வகைக்குப் பெயர். மேற்பரப்புக்குச் சற்று உள்ளே ஓர் அடுக்கில் இருக்கும் ஹீலியம்தான் காரணம். நட்சத்திரம் சுருங்கும்போது அந்த அடுக்கு சூடாகி, ஹீலியம் தன்னிடம் மிச்சமிருக்கும் எலக்ட்ரானையும் இழந்துவிடும். அப்போது ஒளி எளிதில் வெளியேற முடியாது. வெப்பம் அங்கேயே தேங்கி, அழுத்தம் ஏறி, வெளி அடுக்குகளைத் தள்ளும். விரிந்ததும் ஆறும், ஹீலியம் எலக்ட்ரானைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும், அடைபட்ட ஒளி தப்பிக்கும், அப்புறம் மறுபடி சுருக்கம். பெரிய நட்சத்திரத்துக்கு இந்தச் சுற்று முடிய அதிக நாள் பிடிக்கும்.

சேரன்மகாதேவி ஆசிரியர்: அங்குள்ள நட்சத்திரங்கள் நம் பக்கத்து நட்சத்திரங்களைப் போலத்தானா?

முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு சார். ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த கார்பன், ஆக்சிஜன், இரும்பு போன்றவை அங்கே குறைவு. சூரியனில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். பெரிய மேகத்தில் சுமார் பாதி.

இதனால் பல காரியம் மாறுகிறது. ரொம்பப் பெரிய நட்சத்திரங்களின் மேற்பரப்பிலிருந்து வீசும் காற்றை, இரும்பு மாதிரியான தனிமங்கள் ஒளியை உறிஞ்சித்தான் தள்ளிவிடுகின்றன. இரும்பு குறைந்தால் காற்றும் தணியும், நட்சத்திரம் தன் எடையை அதிகம் இழக்காமலே முடிவை எட்டும். பிரபஞ்சம் இளமையாக இருந்தபோது எல்லாத் திரள்களிலும் தனிமங்கள் இப்படித்தான் குறைவாக இருந்தன. அந்தப் பழைய காலத்து நட்சத்திரங்களின் நடத்தையை அறிய, கிட்டத்தில் இருக்கும் இந்த மேகத்தைத்தான் வானியலாளர்கள் நாடுகிறார்கள்.

அங்கே என்ஜிசி 346 என்று ஒரு நட்சத்திரப் பிறப்பிடம் இருக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதைப் பார்த்தது. தனிமங்கள் குறைந்த இடத்தில், கோள்கள் உருவாகும் தூசித் தட்டு சீக்கிரம் கலைந்துவிடும் என்று ஒரு எண்ணம் இருந்தது. 2024-ல் வந்த முடிவு அதற்கு நேர்மாறு: சில நட்சத்திரங்களைச் சுற்றி 2, 3 கோடி ஆண்டுகள் ஆகியும் தட்டு இருக்கிறது. ஆகக் கோள் உருவாக அவகாசம் இருக்கிறது. எனக்கு இந்தச் செய்தி கொடுத்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

நம் நாட்டுக்காரர்களும் இதில் இருக்கிறார்கள். 2015-ல் இஸ்ரோ ஏவிய அஸ்ட்ரோசாட் என்ற செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கி சிறிய மேகத்தைப் படமெடுத்திருக்கிறது. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் அன்னபூர்ணி சுப்ரமணியமும் அவருடன் வேலை செய்தவர்களும் இந்த இரண்டு மேகங்களின் அமைப்பை ஆராய்ந்து பல கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்.

தென்காசியிலிருந்து: ஏன் அதற்கு உருப்படியான வடிவம் இல்லை?

அண்ணன் போட்டு இழுப்பதால். பெரிய மேகத்தின் ஈர்ப்பு சிறியதைப் பிய்க்கிறது. சில பத்துக் கோடி ஆண்டுகளுக்குள் இரண்டும் மோதி விலகியிருக்கின்றன. இடையே வாயுவாலான ஒரு பாலமே கிடக்கிறது. சிறிய மேகம் நம் பார்வைக் கோட்டில் நீளவாக்கில் நீண்டிருக்கிறது. அதன் வாயு ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு துண்டாக, சுமார் 16,000 ஒளியாண்டு இடைவெளியில் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ரேடியோ தொலைநோக்கியை வைத்து அண்மையில் காட்டினார்கள். 2025-ல் கையா விண்கலத் தரவை வைத்து 7,000-க்கும் மேற்பட்ட பெரிய நட்சத்திரங்களின் ஓட்டத்தைப் பார்த்ததில், அவை ஒழுங்காகச் சுற்றவில்லை, எதிரெதிர்த் திசைகளில் இழுபடுகின்றன என்று தெரிந்தது.

கடையநல்லூரிலிருந்து: நம் பால்வீதியில் வந்து மோதுமா?

பெரிய மேகம் சுமார் 240 கோடி ஆண்டில் மோதும் என்று 2019-ல் ஒரு கணக்கு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை.

களக்காட்டிலிருந்து: அண்ணாச்சி, சொன்ன இடத்தில் பைனாகுலரில் பார்த்தேன். பஞ்சு மாதிரி உருண்டையாக ஒன்று தெரிந்தது, மேகம் மாதிரி இல்லையே?

நல்ல கண் உங்களுக்கு. அது 47 டுகானே என்ற நட்சத்திரக் கொத்து. வானத்தில் சிறிய மேகத்தை ஒட்டியே தெரியும், ஆனால் நம் பால்வீதியைச் சேர்ந்தது, தூரம் சுமார் 15,000 ஒளியாண்டுதான். அதைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் பைனாகுலரை அங்கேயே வைத்து, சற்று இடப்பக்கம் நகர்த்துங்கள். பரவலாக, ஓரம் தெளியாத வெளிச்சம் தெரிந்தால் அதுதான் மேகம்.

திசையன்விளையிலிருந்து: கேமராவில் எடுக்க முடியுமா? டெலஸ்கோப் வாங்கவா?

டெலஸ்கோப் இதற்கு வேண்டாம், காசை மிச்சப்படுத்துங்கள். இவ்வளவு தாழ்வில் கலங்கிய காற்றை அது இன்னும் பெரிதாக்கிக் காட்டும். 10x50 பைனாகுலர் போதும். கேமரா என்றால் ட்ரைபாடில் வைத்து, 50 மில்லிமீட்டர் லென்ஸை நன்றாகத் திறந்து, தெற்கே திருப்புங்கள். வானத்தின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரங்கள் மெதுவாகத்தான் நகரும், தலைக்கு மேல் ஓடுவதில் மூன்றில் ஒரு பங்கு வேகம். அங்கே 6, 7 நொடியில் கோடிழுக்கும் படம், இங்கே 20 நொடி வரை தாங்கும். கண்ணுக்குப் பிடிபடாத மேகம்கூடப் படத்தில் விழும். காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டையிலிருந்து ஒரு அம்மா: என் மகள் பிளஸ் டூ. பார்ப்பதோடு நிற்காமல் இதில் அவள் ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாக முடியும் அக்கா. போலந்து வானியலாளர்கள் சிலியில் வைத்திருக்கும் தொலைநோக்கியால் ஓக்லே என்ற திட்டத்தில் பல ஆண்டுகளாக இந்த மேகங்களை அளக்கிறார்கள். சிறிய மேகத்தில் மட்டும் கிட்டத்தட்ட 5,000 செஃபீடுகளின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். இறக்கிக்கொண்டு எக்செலில் போடச் சொல்லுங்கள். குறுக்கே துடிப்புக் காலத்தின் மடக்கை, நெடுக்கே பிரகாசம். லீவிட் 25 புள்ளியில் பார்த்த கோடு ஆயிரக்கணக்கான புள்ளியில் எழுந்து வரும். உற்றுப் பார்த்தால் ஒரு கோடு இருக்காது, அடுத்தடுத்து இரண்டு இருக்கும். அது ஏன் என்று முதலில் அவளே யோசிக்கட்டும். பட்டியலில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் எந்த விதமாகத் துடிக்கிறது என்று குறித்திருப்பார்கள், அதை வைத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். போட்ட படத்தை எனக்கு அனுப்பினால் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.