பெட்டி இல்லாத லேப்டாப் ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா?

லேப்டாப் டிஸ்க் போய்விட்டது, மாற்று டிஸ்க்கை அச்சடித்த பெட்டி இல்லாமல் வெறும் கவரில் விற்கிறார்கள், நம்பி வாங்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: தாராளமாக வாங்கலாம், ஆனால் சீரியல் எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பெட்டியில் வருவதும் கவரில் வருவதும் ஒரே டிஸ்க்தானா?

மாடல் எண் ஒன்றாக இருந்தால் டிஸ்க்கும் ஒன்றுதான். வித்தியாசம் வாரண்டியில்தான். லேப்டாப் கம்பெனிக்கென்று மொத்தமாகப் போன டிஸ்க் வெளியே வந்திருந்தால், டிஸ்க் தயாரித்தவர் லேப்டாப் கம்பெனியைக் கேள் என்பார், லேப்டாப் கம்பெனியோ நீங்கள் தனியாக வாங்கியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிடும். அதனால் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் அந்த சீரியல் எண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள். படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: அண்ணா, புதுசு என்றுதான் சொல்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, முதலில் திருகு ஓட்டைகளையும் தங்க நிற முனைகளையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார். ஒருமுறை மாட்டிக் கழற்றியதென்றால் அங்கே பெரும்பாலும் கீறல் இருக்கும். நான் வாங்கிய ஒன்றில் கவர் பளபளவென்று ஒட்டியிருந்தது, ஆனால் ஓட்டையின் விளிம்பில் பெயின்ட் உரிந்திருந்தது. மாட்டிப் பார்த்தால் 11,000 மணி நேரம் ஓடிய டிஸ்க், அதாவது ஒரு வருஷத்துக்கும் மேல் நிற்காமல் ஓடிய கணக்கு. அன்றே திருப்பி அனுப்பினேன். மாட்டியதும் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திற. ஓடிய மணி நேரம் ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். மாற்றி ஒதுக்கிய செக்டர் (Reallocated, கெட்டுப்போனதால் வேறு இடத்துக்கு மாற்றிய பகுதி), நிலுவையில் உள்ள செக்டர் (Pending, படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் பகுதி) இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கையே அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு, அதனால்தான் கீறலையும் பார்க்கச் சொல்கிறேன். அப்புறம், முழு டிஸ்க்கையும் ஒருமுறை படித்துச் சோதிக்கும் பரிசோதனையை ஓட்டு. சில மணி நேரம் ஆகும், பரவாயில்லை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதையெல்லாம் செய்துவிட வேண்டும்.

கேள்வி: 2.5 அங்குலம் என்றால் எந்த லேப்டாப்புக்கும் பொருந்துமா?

பொருந்தாது. தடிமனைப் பாருங்கள்: 7 மி.மீ., 9.5 மி.மீ. என்று இருக்கிறது. 9.5 இடத்தில் 7 உட்காரும், 7 இடத்தில் 9.5 நுழையாது. திருகாணிகளும் டிஸ்க்கைத் தாங்கும் உலோகச் சட்டமும் புது டிஸ்க்கோடு வராது, பழைய டிஸ்க்கிலிருந்து கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பிரித்து உள்ளே இருப்பதைப் போடலாமா? மலிவாகக் கிடைக்கிறது.

வேண்டாம். சிறிய எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் பலவற்றில் யூஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், லேப்டாப்பில் மாட்டத் தேவையான சாட்டா முனையே இருக்காது. பிரித்த பிறகு தெரிந்து பயனில்லை.

கேள்வி: மாட்டினேன், டிஸ்க்கே தெரியவில்லை. செத்துப்போனதா?

பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரையில், தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே தெரிந்தால் டிஸ்க் செத்துப்போகவில்லை, புது டிஸ்க்கில் பார்ட்டிஷன் (கோப்புகளை வைக்கப் பிரித்த பகுதி) இருக்காது, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் உருவாக்க வேண்டும். 1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும், அது ஏமாற்று இல்லை.

கேள்வி: கூரியரில் வரவழைக்கலாமா?

நிலைமின் காப்புக் கவருக்குள் போட்டு, சுற்றிலும் நல்ல தடிமனுக்கு நுரை வைத்து அனுப்புவார் என்றால் சரி. வெறும் கவரை அட்டை உறையில் திணித்து வந்தால் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். பெட்டி இல்லாத டிஸ்க்கில் நான் உண்மையில் பயப்படுவது இதற்குத்தான், கீழே விழுந்த அடி வெளியே தெரியாது.

கேள்வி: பழைய டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுகிறது. அதிலிருந்து புதியதற்கு குளோன் (அப்படியே முழுப் பிரதி) பண்ணலாமா?

உடனே நிறுத்துங்கள். படமோ கணக்கோ முக்கியமானது இருந்தால் இனி அதற்கு மின்சாரமே கொடுக்காதீர்கள், தரவு மீட்பவரிடம் அப்படியே கொண்டுபோங்கள். புது டிஸ்க்கில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.