அலுவலகம் மாறுகிறது, குடும்பங்கள் காத்திருக்கின்றன: வாசகர் கேள்விகள்

குடும்பச் சேவை நிலையமொன்றில் சமூக ஊழியராக இருக்கிறேன். ஒன்றரை ஆண்டில் மூன்று மேலாளர்கள் வந்துவிட்டார்கள். இப்போது குழுக்களையும் மாற்றுகிறார்கள். நான் பார்த்துவந்த பன்னிரண்டு குடும்பங்களை அடுத்த மாதம் வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர்களிடம் எப்போது சொல்வது? (சிங்கப்பூர், ஈசூன் வாசகி)

இந்த வாரமே சொல்லுங்கள். எல்லாம் உறுதியாகட்டும் என்று ஒருமுறை நான் காத்திருந்தேன். தோ பாயோவில் ஓர் அம்மா, நான் வேறு பிரிவுக்குப் போய்விட்டதை வரவேற்பு மேசையில் கேட்டுத் தெரிந்துகொண்டார். கணவர் இறந்த கதையைப் புதியவரிடம் முதலிலிருந்து சொல்லி அழுதாராம். அந்தத் தவறு என்னுடையது. இன்றும் உறுத்துகிறது.

நேரில் போய்ச் சொல்லுங்கள். என்றைக்கு மாற்றம், யார் வருவார், எது மாறாது என்பவற்றைத் தெளிவாக்குங்கள். சமூகச் சேவை அலுவலகத்தில் காம்கேர் நிதியுதவி மனு நிலுவையில் இருந்தால், இனி அதை யாரிடம் விசாரிப்பது என்று தாளில் எழுதிக் கொடுங்கள். "நீயும் போய்விடுவாயா?" என்று கேட்பார்கள். மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

முடிந்தால் புதியவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கோப்பில் வருமானமும் நோயும் இருக்கும், மனிதர் இருக்கமாட்டார். அதனால் வீட்டாரின் சம்மதத்தோடு இப்படி நாலு வரி சேருங்கள்: "ஐயாவுக்கு வலது காது கேட்காது, இடப்பக்கம் உட்காரவும். கதவைத் திறக்க நேரமாகும், தட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். மகனைப் பற்றி அவராகப் பேசும்வரை கேட்க வேண்டாம்." இவை அலுவலகக் கோப்பில் இருக்கட்டும். சொந்தக் கைபேசியிலோ வாட்ஸ்அப் குழுவிலோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

இல்லப் பராமரிப்பு வேலை, வயது 52. பணியைப் பதிவுசெய்ய ஓராண்டில் இது மூன்றாவது செயலி. நான் திரையோடு போராடும்போது பாட்டி குளிக்கக் காத்திருக்கிறார்.

பாட்டியைக் குளிக்கவைத்து, துவட்டி, உட்காரவைத்துவிட்டுக் கைபேசியை எடுங்கள். பதிவு பத்து நிமிடம் தாமதமாகும் என்று மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். செயலி பழகிய சக ஊழியர் ஒருவர் ஒரு நாள் உங்களோடு வரட்டும் என்றும் கேளுங்கள். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிக் கணக்கில் 4,000 வெள்ளி நிரப்பப்பட்டது. அது குறிப்பிட்ட சில பயிற்சிகளுக்கே செல்லும். நிறுவனத்தின் செயலியைக் கற்றுத்தருவது நிறுவனத்தின் கடமை. கேட்கத் தயங்காதீர்கள்.

எங்கள் நிறுவனத்தை வேறொரு நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. பழைய சம்பளம், விடுப்பு என்னவாகும்?

வேலை நியமனச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி, தொழில் கைமாறும்போது அதோடு சேர்ந்து மாறும் ஊழியரின் பழைய நிபந்தனைகளும் சேவைக்காலமும் தொடரும். உரிய நேரத்தில் தெரிவிப்பதும் முதலாளியின் பொறுப்பு. சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

புதிய நேர அட்டவணையால் முதியவர்கள் சிரமப்படுகிறார்கள் என்று அலுவலகக் கூட்டத்தில் சொன்னேன். "எதையும் எதிர்ப்பவள்" என்று பெயர் வாங்கிவிட்டேன். இரவில் தூக்கமும் இல்லை.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கூட்டத்தில் கோபம்தான் கேட்டிருக்கும், முதியவரின் சிரமம் கேட்டிருக்காது. "எல்லாருக்கும் கஷ்டம்" என்றால் யாரும் அசையமாட்டார்கள். "ஒன்பது மணி வருகை பதினொன்றுக்குப் போய்விட்டது. இந்தத் தாத்தாவுக்குக் காலை உணவுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். அவர் அதுவரை பசியோடு உட்கார்ந்திருக்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள். தேதியோடு எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள், மாற்று நேரம் ஒன்றையும் நீங்களே முன்வையுங்கள். ஆனால் இன்சுலின் விஷயம் அடுத்த கூட்டம்வரை காத்திருக்கக் கூடாது. இன்றே தாதியிடம் சொல்லிவிடுங்கள்.

தூக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். அடுத்தவருக்கு எத்தனை முறை அந்த எண்ணை எழுதிக் கொடுத்திருப்பீர்கள்! இன்றிரவு நீங்கள் அழையுங்கள்.