பூசாரிய மாத்துனா மழை வருமா?

கேள்வி: இத்தாலில குச்சி (Gucci)ங்கிற லக்சுரி ஃபேஷன் கம்பெனிக்கு சபாட்டோ டி சார்னோன்னு ஒரு டிசைனரை 2023-ல கொண்டாந்தாங்க, 2025 பிப்ரவரில அனுப்பிட்டாங்க. அடுத்த ஷோவுக்கு இருபது நாள்கூட இல்ல அப்போ. பாவம்ல சார் அவரு? ஒரு கிரியேட்டிவ் டைரக்டருக்கு, அதாவது மொத்த டிசைனுக்கும் தலைவரா இருக்கறவருக்கு, எத்தனை வருஷம் டைம் கொடுத்தா நியாயம்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: பாவம்னு சொல்லிட்டீங்கல்ல, நில்லுங்க, அங்கயே நிப்போம். எத்தனை வருஷம்ங்கிறதுக்கு அப்புறம் வர்றேன், இடம் இருந்தா.

அதுக்கு முன்னாடி சேலத்து பெரியவர் ஒருத்தருக்கு ரெண்டு வார்த்தை. இந்தப் பக்கத்துல துணிமணின்னு எதாச்சும் எழுதுனா போதும், "நாட்டுல எவ்ளோ பிரச்சனை இருக்கு, நீர் ஹேண்ட்பேக் பத்தி எழுதுறீரே"ன்னு அடுத்த வாரமே அவரோட கார்டு வந்துரும். ஐயா, இது ஹேண்ட்பேக் கதை இல்ல. 2022-ல பத்தரை பில்லியன் யூரோ வியாபாரம் பண்ண ஒரு பிராண்டு 2024-ல ஏழே முக்கால் பில்லியனுக்கும் கீழ இறங்குன கதை. அந்தப் பணம் எங்க போச்சுன்னு தேடுறாங்க, தேடிட்டு கடைசில "தையக்காரன் சரியில்ல"ன்னு முடிச்சிட்டாங்க. சுவாரசியமா இல்லையா சொல்லுங்க. கார்டு போடுங்க, பரவால்ல.

இப்ப டி சார்னோ. வாலண்டினோங்கிற இன்னொரு இத்தாலி பிராண்டுல பல வருஷம் பின்னாடி இருந்து வேலை பாத்தவரு, வெளிய பேர் தெரியாது. அவருக்கு முன்னாடி குச்சில இருந்தவரு அலெஸ்ஸாண்ட்ரோ மிக்கேலே. அவரு 2002-லருந்து அந்தக் கம்பெனியிலயே இருந்தவரு. 2015 ஜனவரில அப்ப அந்த நாற்காலில இருந்த ஃப்ரிடா ஜியானினி சொன்ன தேதிக்கு முன்னாடியே கிளம்பிட, ஒரே வாரத்துல ஆம்பளைங்க கலெக்ஷனை ரெடி பண்ணி மேடை ஏத்துனாரு. அதுக்கப்புறம் பூ, பாம்பு, லேஸு, பாட்டி கண்ணாடி, முடி வெச்ச செருப்புன்னு அள்ளி விட்டாரு. சனம் பைத்தியமா வாங்குச்சு. 2015-ல நாலு பில்லியனுக்கு கொஞ்சம் கம்மியா இருந்த வியாபாரம் 2019-ல ஒன்பதரையைத் தாண்டுச்சு. அப்புறம் எல்லாருக்கும் அலுத்துருச்சு, 2022 நவம்பர்ல அவரும் கிளம்புனாரு. இதே ஆளைத்தான் நாலு வருஷம் முன்னாடி ஜீனியஸ்னு அட்டைப்படம் போட்டாங்க, அது வேற விஷயம்.

டி சார்னோ வந்து நேரெதிரா பண்ணாரு. சுத்தமான கோட்டு, குட்டி ஷார்ட்ஸு, அடர் சிவப்புல பை. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குப் புடிச்சிருந்துச்சு, ஆனா நான் வாங்கப்போறதில்ல, என் அபிப்பிராயத்துக்கு மிலான்ல மதிப்பு கிடையாது. மொதல் ஷோ 2023 செப்டம்பர். அந்தச் சரக்கு கடைக்கு வந்தது 2024 பிப்ரவரி. அவரை அனுப்புனது 2025 பிப்ரவரி. கணக்கு பாருங்க, கடை அலமாரில அவரோட பொருள் முழுசா இருந்தது ஒரு வருஷம். நீங்க திருப்பூர்ல இருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? சாம்பிள் போட்டு, பையர் நாலு தடவ திருப்பி அனுப்பி, அப்ரூவல் ஆகி, நூல் வந்து, சாயம் போட்டு, ஷிப்மென்ட் ஏறுறதுக்குள்ள எத்தனை மாசம் ஓடுதுன்னு உங்க ஊர் டீக்கடைல நிக்கிற பொடியனுக்குக்கூடத் தெரியும். பாரீஸ்ல தாய்க்கம்பெனில கோட்டு சூட்டு போட்டு உக்காந்திருக்கவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் அனுப்புனாங்க.

ஏன்னா இது மழை வரலன்னா பூசாரிய மாத்துற ஊர். குளம் வத்திப் போச்சு, வாய்க்கால்ல கட்டடம் கட்டியாச்சு, அதெல்லாம் யாரும் பேச மாட்டாங்க, "இந்த ஐயரு மந்திரம் சரியா சொல்லல"ன்னு ஒரு கூட்டம் போடுவாங்க. புதுசா ஒருத்தரு வருவாரு, மொத வாரம் அலங்காரம் பிரமாதம், ஊரே போட்டோ எடுக்கும். ரெண்டு தூறல் போட்டுச்சுன்னா ஆஹா ராசியான ஆளு. அடுத்த வருஷமும் காஞ்சுதுன்னா அவரும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான். நம்ம குச்சி கோயில்ல பூசாரிய மட்டும் இல்ல, தர்மகர்த்தாவையும், அதாவது சி.இ.ஓ.வையும் மாத்துனாங்க. பிட்சாரி போனாரு, பாலூ வந்தாரு, அவரு போயி கான்டீனோ வந்தாரு, இப்ப பெல்லெட்டினி அம்மா வந்திருக்காங்க, எல்லாம் 2023-லருந்து. மேல தாய்க்கம்பெனி கெரிங்குக்கே 2025 செப்டம்பர்ல ரெனோ கார் கம்பெனிலருந்து லூகா டி மேயோங்கிறவரைத் தூக்கிட்டு வந்தாங்க. கார் விக்கத் தெரிஞ்சவருக்கு பை விக்கத் தெரியாதா. மாறாத ஒரே ஆளு கோயில் கட்டுன குடும்பம்தான். கெரிங்கோட ஓனர் குடும்பத்து பினோ, 2005-லருந்து அவருதான் பொறுப்புல, இப்ப சி.இ.ஓ. வேலைய மட்டும் கொடுத்துட்டு சேர்மன் நாற்காலில உக்காந்திருக்காரு. அவரை யாரு மாத்துறது, அவரோடது கோயில்.

சரி, புது பூசாரி யாரு? டெம்னா. ஜார்ஜியாக்காரரு, ஒரே பேருதான். பாலென்சியாகாங்கிற பிராண்டுல பத்து வருஷம் இருந்தாரு. ஐக்கியா ஃபர்னிச்சர் கடைல அப்ப 99 சென்ட்டுக்கு வித்த நீலப் பை இருக்குல்ல, அதே மாதிரி தோல்ல ஒண்ணு பண்ணி 2,145 டாலருக்கு வித்தவரு. அது பத்தலன்னு குப்பை போடுற பிளாஸ்டிக் கவர் மாதிரியே ஒண்ணு பண்ணி அதுக்கு 1,790 டாலர். நான் கிண்டல் பண்ணல, திறமைசாலின்னுதான் சொல்றேன், குப்பை கவரை அந்த விலைக்கு விக்க எவ்ளோ தெம்பு வேணும். 2025 மார்ச்சுல அவரு பேரை அறிவிச்சாங்க, மறுநாள் கெரிங் ஷேரு பத்து சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. ஒரு ஊசி நூல் கோக்கல, ஒரு பட்டன் தைக்கல, அதுக்குள்ள ஷேர் மார்க்கெட் அவரோட கலெக்ஷனுக்கு ரிவ்யூ எழுதிருச்சு. கலை விமர்சகர்களுக்கு இந்த வேகம் வராது.

உண்மையில எங்க தப்புன்னு கேட்டா, விலை. கோவிட் சமயத்துல பணம் வெச்சிருந்தவன் வெளிய போக வழியில்லாம வாங்குனான், அதைப் பாத்து "எவ்ளோ ஏத்துனாலும் வாங்குவான்"னு முடிவு பண்ணி ஏத்துனாங்க, ஏத்துனாங்க, ஏத்திக்கிட்டே போனாங்க. ஷனேலோட அந்தப் பிரபலமான மடிப்பு பை 2019-ல இருந்த விலையிலருந்து 2024-குள்ள ஏறக்குறைய ரெட்டிப்பு. தையல் ரெட்டிப்பா ஆச்சா? தோலு ரெட்டிப்பா வளந்துச்சா? அப்புறம் சீனாவுல வீட்டு வியாபாரம் படுத்துச்சு, அங்க இருக்க நடுத்தர வர்க்கம் பர்ஸை மூடிருச்சு. பெயின்னு ஒரு கன்சல்டிங் கம்பெனி 2024 கடைசில சொன்ன கணக்கு, ரெண்டு வருஷத்துல அஞ்சு கோடி பேர் லக்சுரி வாங்குறதையே விட்டுட்டாங்கன்னு. அஞ்சு கோடி பேர் கடைக்கு வெளிய நிக்கிறாங்க, உள்ள டி சார்னோ சிவப்பு கலர் சரியா இல்லையான்னு மீட்டிங் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க.

இதுல பாவம் யாருன்னு கேட்டீங்கன்னா என் லிஸ்ட்டுல டி சார்னோ ரொம்ப கீழ. 2024 ஜூன்ல மிலான் கோர்ட்டு டியோர்ங்கிற பிரெஞ்சு பிராண்டோட ஒரு உற்பத்திப் பிரிவை மேற்பார்வைக்குக் கீழ கொண்டாந்துச்சு, ஞாபகம் இருக்கா? சப்-கான்ட்ராக்ட் எடுத்த பட்டறைகள்ல ஆளுங்க வேலை பாக்குற இடத்துலயே தூங்கிக்கிட்டு இருந்தாங்க. 2,600 யூரோவுக்கு விக்கிற பைய சேத்துத் தைக்க பட்டறைக்குக் கொடுத்தது 53 யூரோ, தோல் விலை தனி. அடுத்த வருஷம் பிப்ரவரில அந்த மேற்பார்வைய கோர்ட்டே நீக்கிருச்சு, கம்பெனி சிலதெல்லாம் சரிபண்ணுச்சுன்னு, அதையும் சொல்லிடணும். ஆனா அந்த 53 என் மண்டைல இருந்து போக மாட்டேங்குது. டியோர்ல கிரியேட்டிவ் டைரக்டர் மாறுனா உலகம் பூரா செய்தி, அந்தப் பைய தைச்சவன் மாறுனா அடுத்த மேசைக்காரனுக்குக்கூடத் தெரியாது.

மும்பையும் அப்படித்தான். அப்ப டியோரோட கிரியேட்டிவ் டைரக்டரா இருந்த மரியா கிராசியா கியூரி 2023 மார்ச் 30-ல கேட்வே ஆஃப் இந்தியா முன்னாடி டியோர் ஷோ போட்டாங்க. அந்தம்மா பத்தி எனக்கு மரியாதை உண்டு, மும்பை சாணக்யா பட்டறையோட எம்பிராய்டரிய மேடைல வெச்சு பேரு சொன்னாங்க. மத்த எத்தனையோ பிராண்டு பல வருஷமா அங்கதான் வேலை வாங்குது, வாயத் தொறக்காது. கடைசி முக்கியமான வேலை பிரான்ஸ்ல நடந்தா லேபிள்ல பிரான்ஸ்னு போட்டுக்கலாம், சட்டம் அப்படி. அந்தம்மாவும் 2025 மே மாசம் டியோர்லருந்து கிளம்பி இப்ப ஃபெண்டிங்கிற பிராண்டுல இருக்காங்க. டிசைனருக்கு அடுத்த நாற்காலி எப்பவும் ரெடியாத்தான் இருக்கு. மிக்கேலே வாலண்டினோ போனாரு, வாலண்டினோல இருந்த பிச்சோலி பாலென்சியாகா போனாரு, பாலென்சியாகால இருந்த டெம்னா குச்சிக்கு வந்தாரு. ஒரு வட்டம் அடிச்சு வந்துட்டாங்க.

இன்னொரு எரிச்சல், சொல்லாம விட்டா எனக்கு தூக்கம் வராது. இந்த டைரக்டருங்க வந்து உக்காந்ததும் மொதல்ல கைய வெக்கிறது பிராண்டு பேரோட எழுத்து மேல, அதாவது லோகோ மேல. 2012-ல ஹெடி ஸ்லிமான்னு ஒரு டிசைனர் ஈவ் சான் லோரான் கம்பெனிக்குப் போனாரு, ரெடிமேட் துணில "ஈவ்"ங்கிற பேரையே தூக்கிட்டாரு, கம்பெனிய ஆரம்பிச்ச மனுஷனோட பேருங்க அது. 2018-ல செலின்ங்கிற பிராண்டுக்குப் போனாரு, இ எழுத்து தலைமேல இருந்த கோட்டை எடுத்துட்டாரு. அதே வருஷம் இங்கிலாந்து பிராண்டு பர்பெரி தன்னோட எழுத்தை மொத்தமா மாத்தி தடிமனா ஆக்குச்சு. 2022-ல புது டைரக்டர் வந்தாரு, 2023-ல அதை மெல்லிசா ஆக்கி, பழைய லோகோல இருந்த குதிரைவீரனையும் திருப்பிக் கொண்டாந்தாரு. அஞ்சு வருஷம் அந்தக் குதிரை எங்க மேஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு தெரியல. எங்க லேஅவுட் தம்பிங்க இதையெல்லாம் காட்டி "சார், நம்ம பத்திரிகை தலைப்பையும் மினிமலா பண்ணலாம்"னு ரொம்ப நாளா என் பின்னாடி சுத்துறாங்க. தம்பிங்களா, நான் இந்த நாற்காலில இருக்கற வரைக்கும் அந்த சுழி அப்படியேதான் இருக்கும். அச்சுலயே சொல்லிட்டேன், இனி ரூமுக்கு வராதீங்க.

எத்தனை வருஷம்னு கேட்டீங்கல்ல. கிறிஸ்டியன் டியோர் 1957-ல செத்தப்ப 21 வயசுல ஈவ் சான் லோரான் அந்த இடத்துக்கு வந்தாரு, 1960-ல பட்டாளத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அப்ப மார்க் போஹான்னு ஒருத்தரை உக்கார வெச்சாங்க. அவரு 1989 வரைக்கும் இருந்தாரு, கிட்டத்தட்ட 29 வருஷம், அந்தக் கம்பெனில டியோர் உட்பட வேற எவனும் அவ்ளோ நாள் இருந்ததில்ல. மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லிக்கெல்லாம் டிரெஸ் பண்ணவரு. ஃபேஷன் படிக்கிற பசங்ககிட்ட அவரு பேரைக் கேளுங்க, முழிப்பாங்க. சத்தம் போடல, எழுத்தை மாத்தல, வர்ற கஸ்டமருக்கு ஏத்த மாதிரி தைச்சுக் கொடுத்துட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போனாரு போல. அந்த மாதிரி ஒருத்தரை இப்ப வேலைக்கு வெச்சா ரெண்டாவது குவார்ட்டர்லயே "பஸ் இல்ல"ன்னு வெளிய அனுப்பிடுவாங்க, பஸ்ஸுன்னா பேச்சு அடிபடுறதாம்.

என் கணக்கு, சரக்கு கடைக்கு வந்த நாள்லருந்து மூணு வருஷம். ஷோ போட்ட நாள்லருந்து இல்ல, கடைக்கு வந்த நாள்லருந்து. யாரு கேக்கப் போறா. வெர்சாச்சேங்கிற இத்தாலி பிராண்டுல டொனாட்டெல்லா அம்மா எடத்துக்கு டாரியோ விட்டாலேன்னு ஒருத்தரைக் கொண்டாந்தாங்க, 2025 செப்டம்பர்ல மொத ஷோ போட்டாரு, டிசம்பர்ல பிராடா அந்தக் கம்பெனிய வாங்கி முடிச்சுது, அதே மாசம் அவரையும் அனுப்பிட்டாங்க. ஷோல காட்டுன துணி அப்ப இன்னும் கடைக்கே வரல.