தூறலில் வழுக்கும் தண்டவாளம்

கேள்வி: கொட்டும் மழையிலும் கிளம்பிவிடுகிற சரக்கு ரயில், லேசான தூறலில் சக்கரம் வழுக்கித் திணறுவது ஏன்?

பதில்: தண்ணீரை மட்டும் குறை சொல்ல முடியாது. தண்டவாளத்தின் தலைப்பகுதியில் துருவும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் மெல்லிசாகப் படிந்திருக்கும். தூறலோ பனியோ அதைக் குழைத்துப் பசையாக்கிவிடுகிறது. அடைமழை கழுவித் தள்ளிவிடுகிறது. சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் கட்டைவிரல் நகத்தளவுதான் என்பதால், அங்கே ஒரு படலம் புகுந்தால் போதும். காய்ந்த இரும்பில் உராய்வுக் குணகம், அதாவது சக்கரத்தின் மேலுள்ள எடையில் எத்தனை பங்கு பிடிமானமாகக் கிடைக்கும் என்ற அளவு, சுமார் 0.3. ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் 0.1 வரை இறங்கும். நசுங்கிய இலைகள் கருப்பாக ஒட்டிக்கொண்டால் 0.05-க்கும் கீழே போகும்.

எல்லா அச்சிலும் மோட்டார் உள்ள 120 டன் எஞ்சின் 0.3-இல் 36 டன் எடைக்குச் சமமான இழுவிசை வரை தரும், 0.1-இல் 12 டன்தான். குதிரைத்திறன் எவ்வளவு இருந்தாலும் கிளம்பும்போது இந்த வரம்பைத் தாண்ட முடியாது.

கேள்வி: சக்கரம் வழுக்கினால், பிடிமானத்துக்காக எஞ்சினின் பெட்டியில் இருக்கும் மணலை உடனே குழாய் வழியாகத் தண்டவாளத்தில் போட வேண்டியதுதானே?

பதில்: முதலில் மோட்டாரின் விசையைக் குறைக்க வேண்டும். வேகமாகச் சுற்றுகிற சக்கரத்தின் கீழ் மணல் விழுந்தால் அது சட்டென்று கவ்வும். அந்த அதிர்ச்சியைப் பற்சக்கரமும் அச்சும்தான் தாங்க வேண்டும். சக்கரம் அடங்கியபின் மணலை ஊதி, விசையை மெல்லக் கூட்டுவதே முறை. நின்ற இடத்திலேயே சுற்றவிட்டால் தண்டவாளம் சூடேறிக் குழி விழும்.

மணல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரமானால் குழாயிலேயே கட்டிக்கொள்ளும். குழாயின் வாய் சற்றே திரும்பியிருந்தாலும் மணல் ஜல்லியில் கொட்டி வீணாகும். சோதனையில் பெட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பவர்கள் இதைக் கோட்டைவிடுவது சகஜம். அளவுக்கு மீறினாலும் ஆபத்து: சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே மின்தொடர்பு அறுந்து, தண்டவாளத்தில் ஓடும் மின்சாரத்தை வைத்து ரயிலைக் கண்டறியும் சிக்னல் சுற்றுக்கு அங்கே ரயில் இருப்பதே தெரியாமல் போகலாம்.

கேள்வி: வழுக்கும்போது பிரேக்கை இன்னும் அழுத்தினால் சீக்கிரம் நிற்காதா?

பதில்: நிற்காது. பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. ரயிலை நிறுத்துவது தண்டவாளத்தின் பிடிமானம். குணகம் 0.05 என்றால், 100 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் ஓடும் ரயில் நிற்கக் குறைந்தது 790 மீட்டர் வேண்டும். கூடுதலாக அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும், ஒரே இடம் தேய்ந்து தட்டையாகும். அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் 'தட் தட்' என்று தண்டவாளத்தைச் சம்மட்டியாக அடிக்கும். கடைசலில் கொடுத்துச் சீவும்வரை அது ஓயாது. நவீன பெட்டிகளில் சக்கரம் பூட்டப்போவதை உணர்கருவி கண்டு பிரேக் காற்றை விட்டு விட்டுத் திறக்கும். அந்த வசதி இருந்தாலும், ஈர நாளில் வழக்கத்தைவிட முன்னதாகவே, லேசாகப் பிரேக் போடத் தொடங்குவார் தேர்ந்த ஓட்டுநர்.